ஒன்பதாம் மாதத்தில் வைத்த நாள்

என் மகனுடைய கலியாணத்துக்கு நாள் வைத்தது நான் இல்லை, எங்கள் ஆட்களில் வேறு யாரும் இல்லை. மொன்றியலுக்குப் பக்கத்தில், லவாலில் ஒரு வீட்டுக் குசினி மேசையில், சிவப்பு அட்டை போட்ட சீனப் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, பெண்ணின் தாய் வைத்தார். அந்த நாள் வந்தது, போனது. கலியாணம் நடக்கவில்லை.

அவரை நான் என்னவென்று சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சம்பந்தி என்று சொல்லக் கலியாணம் நடந்திருக்க வேண்டும். சிநேகிதி என்று சொல்ல, நாங்கள் பழகியது ஒரு கோடைகாலம் மட்டும்தான். அவர் என்னை மடாம் என்று கூப்பிட்டார். நானும் அவரை மடாம் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

மகன் டவுன்டவுனில் கம்ப்யூட்டர் வேலை. பொம்பிளையை யூனிவர்சிட்டியில் சந்தித்திருக்கிறான். அவள் பாலங்களைச் சோதிக்கிற இஞ்சினியர். சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போகும். அவன் விஷயத்தைச் சொன்னபோது நான் அடுப்பில் இருந்த கறியைக் கிளறி முடித்தேன் என்பது உண்மைதான். பிறகு ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் மற்றப் பக்கத்தில் பெருமூச்சு விட்டார்.

"சீனப் பிள்ளையோ?"

"ஓம் அண்ணை."

"சரி. அவன்ரை விருப்பம். நாள் ஆர் வைக்கிறது? ஐயரிட்டைக் கேட்டியோ?"

"பொம்பிளையின்ரை தாய் தங்கடை முறைப்படி பாக்க வேணுமாம்."

"அவையளுக்கும் நாள் கோள் இருக்கோ?" என்று கேட்டார் அண்ணை. எனக்கும் அப்போது அது புதினமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் மாதம், ரோட்டோரத்தில் கறுத்த பனிக்குவியல்கள் இன்னும் கரைந்து முடியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் என்னை லவாலுக்குக் கூட்டிப்போனான். பிரெஞ்சில் ஒரு பொன்ழூர் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டு மூலையில் இருந்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். மடாம் கட்டையான, மெலிந்த மனுஷி. ஆம்பிளைப் பிள்ளைகள் மாதிரிக் கட்டையாக வெட்டிய தலைமயிர், தானே பின்னிய கம்பளிச் சட்டை. எனக்குத் தேத்தண்ணீர் தந்தபோது என் வலது கையைப் பார்த்தார். ஆட்காட்டி விரலின் நகம் நடுவால் பிளந்து வளர்ந்திருக்கும். தையல் பக்டரியில் மெஷின் ஊசி ஒருநாள் நகத்துக்குள்ளால் இறங்கி மற்றப் பக்கம் வந்ததன் அடையாளம் அது. மடாம் தன் கையை நீட்டினார். அதே விரல், அதே பிளவு.

"மனுஃபக்ச்சூர்?" என்று கேட்டார், பக்டரியோ என்று.

"உய், மடாம்," என்றேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவரும் நானும் இந்த ஊருக்கு வந்து பிரெஞ்சு படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, பக்டரியில். கெதியாகச் செய், பிழை, முடிந்தது, சரி, நல்லதில்லை, பிந்திவிட்டது. சூப்பர்வைசர் எங்களைப் பார்த்துச் சொன்ன சொற்கள்தான் எங்களிடம் இருந்தன. அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் புருஷன்மாரைப் பற்றியும் கதைத்தோம். என்னுடையவர் ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். மகன் அப்போது எட்டாம் வகுப்பு. அவருடையவர் அதற்கும் முதலே செத்துப்போனவர். பிள்ளைகள் இரண்டும் சோபாவில் இருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் பிரெஞ்சு அவர்களுக்கு விளங்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் மடாம் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். மூலையில் நூல் கோர்த்து, குசினிச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டிருந்தது அது. அதன் பெயர் தோங் சிங் என்று மகள் இங்கிலீஷில் சொன்னாள். அவர்களுடைய பாஷையில் புத்தகம் என்ற சொல்லும் தோற்பது என்ற சொல்லும் ஒரே மாதிரிக் கேட்குமாம். அதனால் அதைப் புத்தகம் என்று சொல்லாமல் வெற்றி என்று மாற்றிச் சொல்வார்களாம். "எங்களுக்கு எல்லாவற்றுக்கும் பயம், ஆன்ட்டி," என்று அவள் சொன்னாள். "நாலாம் நம்பர் மேசைகூட இருக்கக்கூடாது. நாலு என்றால் சாவு மாதிரிக் கேட்குமாம்." அவளுக்கு அதெல்லாம் பகிடி. தாய் விரலால் அவள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

பிறகு என்னிடம் பிறந்த திகதி கேட்டார். மாப்பிள்ளை, பொம்பிளை இரண்டு பேருடைய பிறப்பு மட்டும் போதாதாம். தாய் தகப்பனின் பிறந்த வருஷத்து மிருகத்தோடும் நாள் மோதக்கூடாதாம். நான் கொஞ்சம் யோசித்தேன். என் கடதாசிகளில் இருக்கிற பிறந்த திகதி என்னுடையது இல்லை, என்னைக் கொண்டுவந்து சேர்த்த ஏஜென்சிக்காரன் எழுதியது. இந்த நாட்டில் எல்லோருக்கும் நான் அந்தத் திகதியைத்தான் சொல்லிவந்தேன். மடாமுக்கு உண்மையானதைச் சொன்னேன்.

மகன் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப நான் ஒவ்வொரு வருஷமும் கேக் வாங்கிக்கொண்டு வாறது?"

"அதுவும் நல்ல கேக்தான் ராசா," என்றேன்.

மடாம் சிரிக்கவில்லை. "நேரம்?" என்று கேட்டார். விடியப்புறம், வெளிக்கிறதுக்குச் சற்று முன்னம் என்று கையைக் காட்டி விளங்கப்படுத்தினேன். கனடாவில் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. இமிகிரேஷனும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியும் கேட்கவில்லை. அவர் அதை ஒரு காகிதத் துண்டில் கவனமாக எழுதி, எழுத்துகளைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் எங்கள் வாக்கிய பஞ்சாங்கத்தைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் மாதம் மாதமாகப் போனோம். பொம்பிளை எலி வருஷத்தில் பிறந்தவள். ஒவ்வொரு மிருகத்துக்கும் நல்ல மாதங்கள் இருக்கின்றன. கூடாத மாதங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொருவருக்குக் கூடாது. அவர்களுடைய கணக்கில் நாலாம் மாதம் என்று அவர் விரல் வைத்து, "பையனுக்கு நல்லதில்லை," என்றார். ஐந்தாம் மாதம், "பொம்பிளைக்கு நல்லதில்லை." ஆறாம் மாதம் அவர்களுக்கு மிக நல்லது. முகம் மலர்ந்து என்னைப் பார்த்தார். நான் எங்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். அந்த மாதம் முழுக்க எங்கள் ஆடி. ஆடியில் கலியாணமா என்று அண்ணை ரொறன்ரோவில் இருந்தே கத்துவார். நான் உதட்டைப் பிதுக்கினேன். ஏழாம் மாதம் என்று நான் கேட்டதும் அவர் இரண்டு கைகளாலும் புத்தகத்தை மூடிவிட்டார். அது ஆவிகளின் மாதம். செத்தவர்களுக்கு வாசல் திறந்துவிடுகிற மாதம். அந்த மாதத்தில் வீடு மாறமாட்டார்கள், கலியாணம் என்ற சொல்லையே எடுக்கமாட்டார்கள்.

எட்டாம் மாதம் எங்களுக்குப் புரட்டாதி. எங்கள் ஆட்கள் புரட்டாதியிலும் செய்வதில்லை. ஆனால் அந்த நேரத்தில் மொன்றியலில் மரமெல்லாம் சிவந்து வடிவாக இருக்கும், குளிரும் இராது. அதனால் நான் விட்டுக்கொடுத்தேன். "எட்டு எனக்குச் சரி, மடாம்," என்றேன்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பா பொன்," என்றார். நல்லதில்லை. ஆருக்கு என்று சொல்லவில்லை. ஒன்பதாம் மாதத்துக்குப் போனார். எங்கள் ஐப்பசி அது, ஒக்டோபர் கடைசி. "இது கொரெக்ட்," என்றார். இலையெல்லாம் கொட்டி முடிந்திருக்குமே, கொஞ்சம் பொறுத்துத் தை மாதம் வைக்கலாமே என்று நான் கேட்டேன். அவர்களுடைய பன்னிரண்டாம் மாதம் அது, அதுவும் நல்ல மாதம் என்று அவரே சொல்லியிருந்தார்.

"ட்ரோ தார்," என்றார். பிந்திவிடும்.

பனியில் ஆட்கள் வரமுடியாது என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வருஷத்தையும் யோசிக்க ஏலாது. வசந்தம் தொடங்குகிற நாள் இல்லாத வருஷமாம் அது. அந்த வருஷத்தில் கட்டுகிறவள் விதவையாவாள் என்று அவர்களில் ஒரு பயம். விதவை என்ற சொல் பிரெஞ்சில் எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு என்னைச் சுட்டிக்காட்டினார். எனக்கு விளங்கியது.

அப்படித்தான் ஒன்பதாம் மாதத்தில் ஒரு நாள் வைத்தோம். ஐயரும் பார்த்துவிட்டுத் தோஷமில்லை என்றார்.

கோடை முழுக்க நாங்கள் இருவரும் சேர்ந்து திரிந்தோம். நான் கார்டரியில், சின்னப்பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடத்தில், சமையல் வேலை, மத்தியானம் இரண்டு மணிக்கு விட்டுவிடுவார்கள். ஓரெஞ்ச் லைன் மெட்ரோ எடுத்தால் லவால் கிட்ட. அவருடன் துணிக்கடை ஏறி இறங்கினேன். எங்கள் இருவருக்கும் ஒரே குறை ஒன்று இருந்தது. அவர்கள் முறையில் கலியாணத்துக்கு முதல்நாள் பொம்பிளையின் தலையைச் சீவிவிட வேண்டும். புருஷனும் பிள்ளைகளும் இருக்கிற ஒருத்திதான் சீவலாம். அவர் தன் மகளின் தலையைத் தொட ஏலாது. எங்கள் முறையில் நான் ஆலாத்தி எடுக்க ஏலாது. அவர் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பிடித்தார், நான் என் மச்சாளைப் பிடித்தேன். இதைப் பற்றி ஒருநாள் கடைக்கு வெளியே வாங்கில் இருந்து கதைத்தோம். "அப்ப நாங்கள் என்ன செய்யிறது?" என்று நான் கேட்டேன். "சாப்பிடுவம்," என்றார் மடாம்.

கலியாண மண்டபம் இல்-பிசாரில், ஆற்றைப் பார்த்தபடி. அதைப் பார்க்க ஜூலையில் மகன் எங்களைக் கூட்டிப்போனான். திரும்பும்போது மடாமின் வீட்டுக்குக் குறுக்கு வழி என்று, ஆறு கடக்கிற படகில், பெரியில், காரை ஏற்றினான். நாலைந்து கார் நிற்கக்கூடிய சின்னப் பெரி, கரையில் இருந்து கரைக்குக் கயிற்றில் இழுத்துப் போகும். நாங்கள் காரை விட்டிறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மடாம் வெயிலிலும் கம்பளிச் சட்டையோடு நின்றார். நல்லாய் மெலிந்துவிட்டார் என்று அப்போதுதான் பார்த்தேன்.

"மகள் கவலை வந்தால் சாப்பிடமாட்டாள்," என்றார். "ஏன் என்று கேட்காதே. கொஞ்ச அரிசி, நிறையத் தண்ணீர், கனநேரம் அவி. உப்பு முட்டை போடு. பக்கத்தில் வைத்துவிட்டுப் போ. சாப்பிடுவாள்."

"கஞ்சி," என்றேன்.

"கொஞ்சி," என்றார் அவர், அதிசயப்பட்டு. அவர்களுடைய சாப்பாட்டுக்கடையில் வெள்ளைக்காரருக்கு அதற்கு அதே பெயர்தான் எழுதியிருக்குமாம். பெரி கரை சேரும்வரை அந்தச் சொல்லை இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு வந்தோம். மகள் கோபம் வந்தால் எப்படி இருப்பாள், காய்ச்சல் வந்தால் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்றெல்லாம் அவர் எனக்குச் சொன்னார். கலியாணப் பரபரப்பு அது என்று நான் நினைத்தேன். அவர் தன் பிள்ளையை என்னிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார்.

ஓகஸ்ட் கடைசியில், அவர்களுடைய ஏழாம் மாதத்தில், மடாம் குசினியில் விழுந்துவிட்டார். ஈரலில் புற்றுநோய். டொக்டர்மார் அதைக் குளிர்காலத்திலேயே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மருந்து ஏற்றினால் கொஞ்சக் காலம் கூட இருக்கலாம் என்றிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, மகளிடம் மூச்சுக் காட்டவில்லை. நல்ல காரியம் ஒன்று பேசத் தொடங்குகிற வீட்டில் நோயைப் பற்றி வாய் திறக்கக்கூடாதாம்.

பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே முடிவாக வந்தார்கள். மண்டபமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பதிவுகாரரை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு, கட்டில் பக்கத்தில் நின்று கையெழுத்து வைக்கிறோம் என்றார்கள். நான் தாலியைக் கைப்பையில் கொண்டுவருகிறேன் என்றேன். அண்ணைகூட, "செய்யுங்கோ, தாய் பாக்கட்டும்," என்றார்.

மடாம் மறுத்துவிட்டார். ஏழாம் மாதத்தில் கலியாணம் என்ற கதையே வேண்டாம்.

சரி, அந்த மாதம் முடியட்டும் என்று காத்திருந்தோம். அது முடிந்த மற்ற நாள் நான் வேலை முடிய நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகம் மஞ்சளாகி, கண்ணும் மஞ்சளாகி, தலையணைக்குள் சின்னப்பிள்ளை மாதிரிக் கிடந்தார். யன்னலில் யாரோ கொண்டுவந்து வைத்த மூன்கேக் பெட்டி இருந்தது. நான் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டேன்.

"மடாம், ஏழு ஃபினி. இப்ப எட்டு. இந்தக் கிழமை செய்வம். இஞ்சையே செய்வம்."

"எட்டு, பா பொன்."

"ஏன், மடாம்?"

"பா பொன்."

"நீங்கள் பாக்க வேணும், மடாம். உங்கடை பிள்ளை." எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரெஞ்சில் சொல்லத் தெரியாமல் தமிழிலேயே சொன்னேன். "ஒன்பது வரைக்கும் நீங்கள் இருக்கமாட்டியள். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு கையெழுத்துத்தானே. பாத்திட்டுப் போங்கோ."

தமிழ் அவருக்கு விளங்கியிருக்காது. ஆனால் என்ன கேட்கிறேன் என்று விளங்கியது. என் கையைப் பிடித்தார், நகம் பிளந்த விரலைத் தன் பெருவிரலால் தடவினார். "ஒன்பது," என்றார். "ஒன்பது கொரெக்ட். மாற்றாதே." ஒரு மனுஷி இவ்வளவு பிடிவாதம் பிடிப்பாரா என்று எனக்குக் கோபமும் வந்தது. வெளியே வந்து லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதுவிட்டு மெட்ரோ எடுத்தேன்.

எட்டாம் மாதம் முடிய முன்னமே, ஒரு சனிக்கிழமை பின்னேரம், அவர் போய்விட்டார். மகளும் என் மகனும் பக்கத்தில் இருந்தார்கள்.

மடாமின் தமையன் வந்து எல்லாவற்றையும் பொறுப்பெடுத்தார். வயதான, கண்டிப்பான மனுஷன். தாய் செத்தால் நூறு நாளுக்குள் கலியாணத்தை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருஷம் பொறுக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. வைத்த நாள் நூறு நாளுக்குள்தான் வருகிறது, அதனால் கலியாணம் நடக்கலாம் என்று சொன்னார். ஆனால் மாப்பிள்ளையின் தாய் செத்தவீட்டுக்கு வரக்கூடாது. கலியாணத்தை வைத்துக்கொண்டு பிணத்தின் முகத்தில் விழித்தால் இரண்டும் மோதும் என்று மகனிடம் சொல்லிவிட்டார். அண்ணையும் போனில் அதையே சொன்னார். "ஒரு வருஷம் கழிச்சுத்தான் நாங்கள் செய்யிறது. அவையள் உடனை செய்யப் போகினமெண்டால் நீ அந்தப் பக்கம் போகாதை."

நான் போனேன். உள்ளே போகவில்லை. செத்தவீட்டு மண்டபத்துக்கு வெளியே, கோட்டுகள் மாட்டுகிற இடத்தில், சுவரோடு சாய்ந்து நின்றேன். ஊதுபத்தி வாசம் வந்தது. சீனத்தில் ஏதோ ஓதுகிறது கேட்டது. வருகிறவர்கள் போகிறவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள். யார் இந்த இந்தியப் பெண் என்று நினைத்திருப்பார்கள்.

யாரோ சொல்லியிருக்க வேண்டும், அவள் வெளியே வந்தாள். கறுப்புச் சட்டை, தலைமயிரில் வெள்ளைக் கம்பளியில் செய்த சின்னப் பூ. என் முன்னால் நின்றாள். நான் அவளைக் கட்டிப்பிடிக்கலாமா, அதற்கும் ஏதும் தடை இருக்கிறதா என்று தெரியாமல் கையைப் பிசைந்தேன்.

"உள்ளே வாருங்கள், ஆன்ட்டி," என்றாள்.

"உன்ரை மாமா வரக்கூடாது எண்டவர், பிள்ளை."

"கலியாணம் இருந்தால்தானே வரக்கூடாது. கலியாணம் இல்லை. நீங்கள் உள்ளே வரலாம்."

அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. அவளுக்குப் பின்னால் மகன் நின்றான். அவன் என்னைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மடாமுக்கு நீலப் பட்டுச் சட்டை போட்டிருந்தார்கள். நான் கும்பிட்டேன். போகும்போது எல்லோருக்கும் கொடுக்கிற வெள்ளை உறை ஒன்றை எனக்கும் தந்தார்கள். உள்ளே ஒரு இனிப்பும் ஒரு காசும். வீட்டுக்குப் போக முன்னம் இனிப்பைச் சாப்பிட்டுவிட வேண்டும், கசப்பை வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடாது என்று ஒரு பெண் சைகையில் காட்டினாள். மெட்ரோவில் இருந்து அதை வாயில் போட்டேன். கனநேரம் கன்னத்தில் வைத்திருந்தேன்.

ஒரு கிழமை கழித்து அவள் கோட்-டே-நேஜில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். துக்கக்காரி மற்றவர் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று, வெளியே இரும்புப் படிக்கட்டில் இருந்துவிட்டாள். முன்பு பகிடி பண்ணிய பிள்ளை இப்போது ஒவ்வொன்றையும் இம்மி பிசகாமல் செய்தது. நான் கஞ்சி வைத்து, உப்பு முட்டை கிடைக்காததால் அவித்த முட்டையில் உப்புத் தூவி, கிண்ணத்தில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். போகாமல் நானும் இரண்டு படி கீழே இருந்தேன்.

"மாமா அம்மாவின் பஞ்சாங்கத்தைப் பார்த்தார்," என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். "எலி வருஷத்தில் பிறந்தவளுக்கு ஒன்பதாம் மாதம் யாருக்குக் கூடாது, தெரியுமா? பொம்பிளையின் தாய் தகப்பனுக்கு. இந்த மாதத்தை யார் வைத்தது என்று மாமா என்னைக் கேட்டார்."

நான் கிண்ணத்தை அவள் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"எட்டாம் மாதம் மாப்பிள்ளையின் தாய் தகப்பனுக்குக் கூடாது. உங்களுக்கு. அதுதான் அம்மா எட்டு வேண்டாம் என்றவர். ஆஸ்பத்திரியிலும் அதற்காகத்தான் வேண்டாம் என்றவர்." கிண்ணத்தைக் கையில் எடுத்தாள், திரும்ப வைத்தாள். "அம்மா என் கலியாணத்தைப் பார்த்திருக்கலாம், ஆன்ட்டி."

"பிள்ளை, இதெல்லாம் நீ நம்பிறதில்லையே," என்றேன் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். "அவவுக்கு வருத்தம் முதலே இருந்தது. மாதம் ஒண்டும் செய்யேல்லை."

"தெரியும். நான் நம்பவில்லை. ஆனால் அம்மா நம்பினார்." கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள். "அந்த நாளில் நான் சிவப்புச் சேலையோடு நிற்கிறேன், நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. உங்களில் கோபம் இல்லை. ஒருவரிலும் கோபம் இல்லை. முடியவில்லை."

அவளைக் கட்டிப்பிடித்தேன். தடை இருந்தால் இருக்கட்டும். கஞ்சியைப் பாதி சாப்பிட்டாள். அவள் போன பிறகு நான் அந்தப் படியிலேயே இருந்தேன். எனக்குத் தீங்கு வரக்கூடாது என்று இந்த உலகத்தில் ஒருத்தி நினைத்திருக்கிறாள். நான் பிறந்த நேரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டவள். அவளுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வழியில்லாமல் போய்விட்டது. நான் அவ்வளவு பெறுமதியான ஆளா என்று கேட்கவும் ஆளில்லை.

கலியாண நாள் ஒரு சாதாரண நாளாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கார்டரி இல்லை. மழை பெய்தது. மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். மத்தியானம் நான் சோறும் பருப்பும் வைத்தேன். அவன் எழும்பி வந்து சாப்பிட்டான். முகூர்த்த நேரம் எப்போது என்று இருவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் அவன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

மூன்று வருஷம் பொறுப்பது என்றுதான் இருவரும் முதலில் சொன்னார்கள். பொறுக்க முடியும் என்று நானும் நம்பினேன். ஆனால் சேர்ந்திருக்கும்போது இரண்டு பேரும் அந்த ஆஸ்பத்திரி அறையைவிட்டு வெளியே வரமுடியாமல் இருந்தார்கள் போல. குளிர்காலம் முடிய அவள் நாட்டின் மற்றக் கரையில், வன்கூவரில் வேலை எடுத்துக்கொண்டு போனாள். முதலில் ஒவ்வொரு நாளும் போன், பிறகு கிழமைக்கொருக்கால். ஒரு கோடையில் அவன் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய், சொன்ன நாளைக்கு முன்னமே திரும்பி வந்தான். சண்டை ஒன்றும் இல்லை என்றான். "கதைக்க ஒண்டும் இல்லாமல் போச்சுதம்மா," என்றான். நான் அவனுடைய பெட்டியை உள்ளே இழுத்து வைத்தேன்.

நான் மட்டும் மடாமிடம் போய்வருகிறேன். ஏப்ரலில் அவர்கள் கல்லறைக்குப் போய்த் துப்புரவு பண்ணுகிற நாள் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு வேலையில் லீவு கேட்டபோது, செத்தவர் உனக்கு என்ன முறை என்று பொறுப்பானவள் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. பல்லுக்கு டொக்டரிடம் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனேன். பனி கரைந்து சேறாக இருந்தது. கல்லைத் துடைத்து, ஒரு தோடம்பழமும் பூவும் வைத்தேன். பக்கத்துக் கல்லறைகளில் குடும்பம் குடும்பமாக வந்து தாள் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். தூறலில் நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் பக்டரிப் பிரெஞ்சில் அவருக்கு ஏதாவது சொல்ல நினைத்தேன். கெதியாக, பிழை, முடிந்தது. ஒன்றும் பொருந்தவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், நான் கார்டரியில் இருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மடாமின் மகளிடமிருந்து போன் வந்தது. ஆன்ட்டி என்ற குரல் கேட்டதுமே கதிரையில் இருந்துவிட்டேன். சுகம் விசாரித்தாள், கால்வலி எப்படி என்று கேட்டாள். பிறகு, "போன செவ்வாய்க்கிழமை நான் கலியாணம் செய்துவிட்டேன்," என்றாள். கூட வேலை செய்கிறவராம். சிட்டி ஹோலில் எந்த நேரம் கிடைத்ததோ அந்த நேரத்தில் போய்க் கையெழுத்து வைத்தார்களாம். நாள் ஒன்றும் பார்க்கவில்லை. அது என்ன மாதம் என்றுகூடத் தெரியாது என்றாள்.

"நல்லது, பிள்ளை," என்றேன். "நல்லாய் இருக்க வேணும்."

"அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது," என்றாள். "ஆரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அதுதான் உங்களுக்கு எடுத்தேன்."

நான் கழற்றிய சப்பாத்தை ஓரமாக வைத்தேன். சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். ஓம் என்று தமிழில் சொன்னாள். அந்த ஒரு சொல்லை அவள் என் மகனிடம் படித்திருந்தாள்.

பின்னேரம் மகன் வேலையால் வந்து, குசினியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவன் தண்ணீரை வடித்தான், திரும்பவும் தண்ணீர் விட்டான்.

"தெரியும் அம்மா," என்றான். "கலியாணத்துக்கு முதல் நாளே எனக்குப் போன் எடுத்துச் சொன்னவள்."

"நீ என்ன சொன்னனீ?"

"சந்தோஷம் எண்டு சொன்னனான்."

அவன் அரிசியைக் குக்கரில் போட்டு மூடினான். நான் வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன். அவன் பக்கத்தில் வந்து நின்று, என்னிடமிருந்து கத்தியை வாங்கினான்.